பொதுமைப்பட்ட நாற்கோணங்களும் ஓவாய்டுகளும்: கேள்வி பதில்

கேள்வி (இளங்கலை மாணவி): பொதுமைப்பட்ட நாற்கோணம் என்பது புள்ளிகளும் கோடுகளும் கொண்ட ஓர் அமைப்பு என்கிறார்கள். பெயரில் நாற்கோணம் இருக்கிறது, அதற்கு எடுத்துக்காட்டாகத் தரப்படும் படத்திலோ 15 புள்ளிகள் இருக்கின்றன. நான்கு எங்கே, ஐயா?

பதில்: ஒரு கோட்டின் மேல் அமையாத எந்தப் புள்ளியை எடுத்தாலும், அக்கோட்டின் புள்ளிகளுள் ஒன்றே ஒன்றுதான் அதனுடன் வேறொரு கோட்டால் இணைந்திருக்கும் என்பதே இவ்வமைப்பின் ஆதார விதி. ஆகவே முக்கோணம் தோன்ற வழியில்லை. தோன்றக்கூடிய மிகச் சிறிய பலகோணம் நாற்கோணமே. கணிதவியலாளர் ஜாக் டிட்ஸ் 1959இல் இவற்றை அறிமுகப்படுத்தினார்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): படமின்றி அந்த 15 புள்ளிகளை மனத்தில் நிறுத்த முடியுமா?

பதில்: முடியும், படத்தைவிட அதுவே எனக்குப் பிடித்த வழி. 1 முதல் 6 வரையிலான எண்களில் இரண்டிரண்டாக எடுக்கும் 15 சோடிகளைப் புள்ளிகள் என்றும், ஆறு எண்களையும் மூன்று சோடிகளாகப் பிரிக்கும் 15 முறைகளைக் கோடுகள் என்றும் கொள்ளுங்கள். 12, 34, 56 ஆகியவை ஒரு கோடு. அதில் இல்லாத 13 என்ற புள்ளிக்கு, பொது எண் இல்லாத சோடி அக்கோட்டில் 56 மட்டுமே. இரண்டையும் இணைக்கும் கோடு 13, 24, 56. விதி பொருந்திவிட்டது.

கேள்வி (ஆய்வு மாணவர்): ஓவாய்டு எல்லா நாற்கோணங்களிலும் உண்டா?

பதில்: இல்லை. ஒவ்வொரு கோட்டையும் சரியாக ஒரு புள்ளியில் சந்திக்கும் புள்ளிக் கணமே ஓவாய்டு. கோட்டுக்கு ச+1 புள்ளிகளும், புள்ளிக்கு த+1 கோடுகளும் இருப்பின் மொத்தக் கோடுகள் (த+1)(சத+1) ஆகும். ஓவாய்டின் ஒவ்வொரு புள்ளியும் த+1 கோடுகளைத் தன் பங்காக எடுத்துக்கொள்வதால், அதில் சத+1 புள்ளிகள் இருந்தே தீரவேண்டும். மேற்சொன்ன அமைப்பில் 1 இடம்பெறும் ஐந்து சோடிகளும் ஓர் ஓவாய்டு. இவ்வாறு எண்ணுக்கு ஒன்றாக ஆறு கிடைக்கின்றன.

ச=2, த=4 எனும்போது நிலைமை மாறுகிறது. கலப்பெண்களின் மேல் அமைந்த வழுவழுப்பான முப்படிப் பரப்பில், அதாவது மூன்றாம் படிச் சமன்பாட்டால் அமையும் கூர்முனையற்ற பரப்பில், 27 நேர்கோடுகள் உண்டு என்பதைக் கணிதவியலாளர்கள் கெய்லியும் சால்மனும் 1849இல் காட்டினர். அந்த 27 நேர்கோடுகளைப் புள்ளிகளாகவும், மும்மூன்று நேர்கோடுகளில் பரப்பை வெட்டும் 45 தளங்களைக் கோடுகளாகவும் கொண்டால் கிடைப்பது இந்த ச=2, த=4 நாற்கோணம்தான். இங்கே ஓவாய்டு என்பது ஒன்றையொன்று வெட்டாத ஒன்பது நேர்கோடுகள். ஆனால் அப்பரப்பில் அவ்வாறு ஆறுக்கு மேல் தேர முடியாது. ஆகவே ஓவாய்டு இல்லை.

கேள்வி (அதே மாணவர்): ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு புள்ளிகள் வரும் கணமாவது அங்கே கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. ஒரு கோட்டில் மூன்றே புள்ளிகள் என்பதால், அத்தகைய கணத்தின் நிரப்பி, அதாவது அதில் சேராத மற்றப் புள்ளிகளின் கணம், ஓவாய்டாகிவிடும்; அங்கே ஓவாய்டு இல்லை என்று பார்த்தோம்.