கனடாக் கஞ்சாக் கடை: ஊர்க்காரர்கள் கேட்டவை

டொராண்டோவில் உரிமம் பெற்ற கஞ்சாக் கடை ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுத் தக்கலைக்குத் திரும்பியிருக்கிறேன். பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பிய நம் ஊர்க்காரர்கள் கேட்டதற்கெல்லாம் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து: அக்கா, என் மகன் டொராண்டோவில் படிக்கிறான். கஞ்சாவைக் கடையில் வைத்து விற்க அரசு எந்த தைரியத்தில் விடுகிறது?

2018 அக்டோபர் 17 முதல் அங்கே சட்டப்படி விற்கிறார்கள். ஒன்டாரியோவில் 19 வயது ஆகாதவர் கடைக்குள்ளேயே வர முடியாது. ரப்பர் பாலில் கொஞ்சம் எடுத்து டிஆர்சி, அதாவது அதில் எவ்வளவு உலர் ரப்பர் இருக்கிறது என்று பார்த்துத்தானே நாம் விலை பேசுகிறோம்? அதுபோல ஒவ்வொரு லாட்டிலும், அதாவது ஒரே தடவையில் தயாரித்த சரக்கிலும், மாதிரி எடுத்து, பூச்சிமருந்து, ஈயம், பூஞ்சை, போதை தரும் டிஹெச்சி எல்லாம் ஆய்வகத்தில் பார்த்த பிறகே விற்பனைக்கு வரும். தின்பண்டம் என்றால் ஒரு பாக்கெட்டுக்கு 10 மில்லிகிராம் டிஹெச்சிதான் உச்சம்.

குளச்சலிலிருந்து: அரசே இவ்வளவு பார்த்தால் வாங்குபவருக்கு என்ன வேலை?

நிறைய இருக்கிறது, தம்பி. சோதித்தது மாதிரியைத்தான். ஒரு குளிர்காலத்தில் வயதானவர் ஒருவர் சின்ன டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மூடியைத் திறந்ததும், மழைக்காலத்துக் கருப்பட்டிப் பானையில் வருமே, அந்த ஈர வாடை. கஞ்சா மொட்டைப் பிளந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் நூல் நூலாகப் பூஞ்சை. நல்லவேளை, டப்பாவை அவர் எறியவில்லை. அதில் அச்சிட்டிருந்த லாட் எண்ணை வைத்து அன்றே அந்தச் சரக்கு முழுவதையும் அலமாரியிலிருந்து இறக்கினோம், தயாரிப்பாளருக்கும் எழுதினோம். வெறும் கையோடு வந்து சொல்லியிருந்தால் எதை என்று தேடுவது? கனடா அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவிடம் நேரடியாகவும் புகார் செய்யலாம். திரும்பப் பெறும் சரக்குகளை அவர்கள் இணையத்தில் அறிவிக்கிறார்கள்.

அப்புறம், வரி கட்டியதைக் காட்டும் கலால் முத்திரையும், டிஹெச்சி என்ற எழுத்தோடு இலை போட்ட சிவப்பு எண்கோணக் குறியும் இல்லாத பொட்டலத்தைத் தொடவே கூடாது. 2019இல் அமெரிக்காவில் வேப் எனும் மின் சிகரெட் இழுத்துப் பலர் நுரையீரல் கெட்டு இறந்தார்கள். பெரும்பாலும் வைட்டமின் ஈ அசிடேட் கலந்த கள்ளச் சரக்குதான் காரணம்.

இரணியலிலிருந்து: வலிக்கு மருந்தென்று ஊருக்கு ஒரு டப்பா கொண்டுவரலாமா?

கூடாது. எல்லை தாண்டிக் கொண்டுபோவது கனடாவிலேயே குற்றம். இங்கே 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டம் இருக்கிறது.

நாகர்கோவிலிலிருந்து: ஆன்லைனில் ஹெம்ப் விதை விற்கிறார்களே, அதுவும் கஞ்சாதானா?

செடி ஒன்றுதான். ஆனால் தனியாகப் பிரித்த விதை நம் சட்டப்படி கஞ்சா ஆகாது. 2021இல் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ அதை உணவாக அனுமதித்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராம் டிஹெச்சிக்கு மேல் இருக்கக் கூடாது. பாக்கெட்டில் அவர்களுடைய 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். கஞ்சா இலைப் படம் போட்ட பாக்கெட்டை வாங்க வேண்டாம், அந்தப் படத்துக்கே அனுமதி இல்லை.

குலசேகரத்திலிருந்து: மக்களே, பிராம்ப்டனில் மகள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பையன் இந்தக் கஞ்சா மிட்டாயை வாங்கி வைக்கிறான். பேரனுக்கு மூன்று வயது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதுதான், அம்மா. குழந்தை திறக்க முடியாத மூடி போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பெரியவர்களே பிரித்து மேசையில் வைத்துவிட்டால்? பூட்டிய பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். ஒருவேளை குழந்தை தின்றுவிட்டால், வேலை காட்ட அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகும். நன்றாகத்தானே விளையாடுகிறான் என்று காத்திருக்க வேண்டாம், உடனே 911ஐக் கூப்பிட வேண்டும். பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். எத்தனை மில்லிகிராம் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.