கிளம்புவது நீங்களா, அவரா? கொரிய மொழியில் விடைபெறுவது பற்றிக் கேள்வி பதில்

'அன்யோங்ஹி காசேயோ', 'அன்யோங்ஹி கேசேயோ' இரண்டுக்கும் செயலி 'போய் வாருங்கள்' என்றே காட்டுகிறது. எதை எப்போது சொல்வது?

செயலியை விடுங்கள். 'அன்யோங்' என்றால் நலம். 'கா' போவது, 'கே' என்பது 'இரு' என்பதன் மரியாதை வடிவத்திலிருந்து வருகிறது. (இரண்டிலும் 'கங்கை'யின் முதல் க போல உச்சரியுங்கள்.) போகிறவரிடம் 'காசேயோ', அங்கேயே இருப்பவரிடம் 'கேசேயோ'. கடையிலிருந்து கிளம்பும்போது நீங்கள் சொல்வது 'கேசேயோ', கடைக்காரர் சொல்வது 'காசேயோ'. மெட்ரோ வாசலில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தால் இருவருமே 'காசேயோ'தான். வந்த புதிதில் வீட்டுக்கார அம்மாவிடம் நான் மாற்றிச் சொல்லிவிட்டேன். கூடத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர், "என் வீட்டை விட்டு நான் எங்கே போக?" என்று சிரித்தார்.

நண்பர்களிடம் வெறும் 'அன்யோங்' போதுமா?

தாராளமாக. வரும்போதும் அதுவே, போகும்போதும் அதுவே. 'ஜல் கா' (நல்லா போ), 'ஜல் இஸ்ஸோ' (நல்லா இரு) என்றும் சொல்லலாம். ஆனால் ஒரு வயது மூத்தவர் என்றாலும், அவராக 'பேச்சை இறக்கிக்கொள்' என்று சொல்லும்வரை மரியாதை வடிவத்தை விடாதீர்கள்.

மேலாளர் இருக்கும்போதே ஆபீசிலிருந்து கிளம்ப வேண்டும். என்ன சொல்லட்டும்?

'மொன்ஜோ கா பொகெஸ்ஸும்னிதா', அதாவது 'நான் முதலில் கிளம்புகிறேன்'. கூடவே லேசாகத் தலை குனியுங்கள். டாக்சி ஓட்டுநரிடமும் கடைக்காரரிடமும் சொல்லும் 'சுகோஹாசேயோ'வை அவரிடம் சொல்ல வேண்டாம். 'பாடுபடுங்கள்' என்று பெரியவருக்கு உத்தரவு போடுவதுபோல ஆகிவிடும்.

நம் ஊர் 'போயிட்டு வரேன்' அங்கே உண்டா?

அச்சு அசலாக உண்டு: 'தான்யொ ஓகெஸ்ஸும்னிதா'. வீட்டில் இருப்பவர்கள் 'தான்யொ ஓசேயோ', போயிட்டு வாங்க, என்பார்கள். நாம் சறுக்குவதும் இங்கேதான். நமக்கு 'போறேன்' என்று சொல்ல வாய் வராது. விருந்துக்குப் போன வீட்டிலும் 'வரேன்' என்போம். கொரியர்களுக்கு அது நிஜமாகவே திரும்பி வருவதற்கான சொல். தன் வீட்டிலிருந்தோ, வெளிவேலையாக ஆபீசிலிருந்தோ கிளம்பும்போது சரி. நண்பர் வீட்டில் சொன்னால், ராத்திரி படுக்க வருவீர்கள் என்று பாய் விரித்து வைப்பார்!

போனில் பேசி முடிக்கும்போது ஒருவர் 'துரொகாசேயோ' என்றார். அகராதியில் 'உள்ளே போங்கள்' என்று இருக்கிறது. கோபமா?

கோபமே இல்லை. போனை வைப்பதற்கு முன் சொல்லும் மரியாதையான பேச்சு அது. நெருங்கிய நண்பன் என்றால் 'குனோ' என்பான். அறு, வெட்டு என்று பொருள். நாம் 'கட் பண்ணு' என்பதில்லையா, அதேதான்.

பிரியும்போது 'ஒருநாள் சேர்ந்து சாப்பிடுவோம்' என்றார் சக ஊழியர். இரண்டு வாரமாகக் காத்திருக்கிறேன்.

பெரும்பாலும் அதுவும் ஒரு 'அன்யோங்'தான். அவர் கிழமை சொன்னால் மட்டும் பசியோடு போங்கள்.