எட்டாம் மாத அரிப்பு: பார்க்க வேண்டிய எண் எது?

பர்கூரில் இருக்கும் உங்கள் தங்கைக்கு கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவெல்லாம் அரிப்பதாகவும், அக்கம்பக்கத்தார் அதை மாம்பழச் சூடு என்பதாகவும், இரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதி மட்டும் கூடியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த ஓர் எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம். நஞ்சுக்கொடியே அந்த நொதியைச் சுரப்பதால், கடைசி மாதங்களில் அது இயல்பாகவே உயரும். ஆனால் தடிப்பு ஏதுமின்றி இரவில் கூடும் அரிப்பை, பாவம், கிருஷ்ணகிரி மாம்பழத்தின் மீது சுமத்துவதும் சரியல்ல. கல்லீரலில் பித்தம் தேங்குவதன் அடையாளமாக அது இருக்கலாம். அதைக் காட்டுவது இரத்தத்தின் மொத்தப் பித்த அமில அளவு. வழக்கமான கல்லீரல் பரிசோதனையில் இது சேராது என்பதால், மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். லிட்டருக்கு 19 மைக்ரோமோலுக்கு மேல் இருந்தால் ஐயம் வலுக்கும். 100 அல்லது அதற்கு மேல் என்றால், குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் தெளிவாகக் கூடுவதால், 36ஆம் வாரத்தையொட்டியே பிரசவத்தைத் திட்டமிடுவார்கள். அளவு சில நாட்களிலேயே மாறக்கூடும் என்பதால் ஒருமுறை பார்த்தது போதாது. குழந்தையின் அசைவு குறைந்தால், எந்தப் பரிசோதனை முடிவுக்கும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.