அனஸ்தீசியா அவே ரொட்டேஷனுக்கு எந்த மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்காவில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு முடிக்கப் போகிறீர்கள். உங்கள் கல்லூரியில் அனஸ்தீசியா (மயக்க மருந்து) ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி, கிடையாது. வெளி மருத்துவமனைக்குப் போய்ப் பயிலும் அவே ரொட்டேஷனுக்கு, வி.எஸ்.எல்.ஓ. என்ற விண்ணப்பத் தளம் வழியாக ஆகஸ்டில் நான்கு வாரத்துக்கு இரண்டு இடம் கிடைத்திருக்கிறது: ஒன்று ஊரறிந்த பெரிய மருத்துவமனை, இன்னொன்று அவ்வளவு பேசப்படாத பல்கலைக்கழக மருத்துவமனை. எதற்குச் சம்மதம் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இப்போது அனஸ்தீசியாவில் சி.ஏ.-2 ரெசிடென்ட், அதாவது இன்டர்ன் வருடத்தையும் சேர்த்தால் ரெசிடென்சியில் மூன்றாம் வருடம். மாணவியாக இருந்தபோது எனக்கும் இதே கேள்வி வந்தது. பெயரைப் பார்த்து எடுத்தேன்.

இருபது வேலை நாளில் பதினாறு அட்டெண்டிங், அதாவது பொறுப்பு மருத்துவர்கள். காலை ஆறரைக்கு முன்பே போய் ரெசிடென்டோடு மெஷினைச் சரிபார்த்து, சிரிஞ்சுகளில் லேபிள் ஒட்டி வைப்பேன். மதியத்துக்குள் அட்டெண்டிங்குக்கு என் பெயர் பழகியிருக்கும். மறுநாள் வேறு ஆபரேஷன் தியேட்டர், வேறு ஆள், மறுபடி முதலிலிருந்து அறிமுகம். யாரும் கடுமையாக நடத்தவில்லை, நிறையச் சொல்லிக் கொடுத்தார்கள். கடைசி வாரம் ஒருவரிடம் ரெசிடென்சி விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டேன். "ஒரே ஒரு நாள்தானே சேர்ந்து வேலை பார்த்தோம், நான் என்னம்மா எழுதுவது?" என்றார். அவர் சொன்னது நியாயம். அன்றிரவு வாடகை அறையில் உட்கார்ந்து அழுதேன்.

இது அந்த ஓர் இடத்தின் பழக்கம் இல்லை. மெடிசின் வார்டில் ஒரே டீமோடு வாரக்கணக்கில் ரவுண்ட்ஸ் போகலாம். தியேட்டர் அட்டவணை தினம் மாறும், அனஸ்தீசியாவில் மாணவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதனால் இரண்டு இடத்து கோஆர்டினேட்டருக்கும் இந்த வாரமே மெயில் போட்டு, மாணவரை ஒரே அட்டெண்டிங்கோடு தொடர்ந்து எத்தனை நாள் போடுவீர்கள் என்று கேளுங்கள். தியேட்டரில் இரண்டு வாரம், சர்ஜிகல் ஐ.சி.யூ.விலோ பிரசவ அனஸ்தீசியாவிலோ உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ரீஜனல் பிளாக் டீமிலோ இரண்டு வாரம் என்று பிரித்துத் தருவார்களா என்றும் கேளுங்கள். எனக்கு உருப்படியான கடிதம் பிறகு செய்த ஐ.சி.யூ. ரொட்டேஷனில்தான் கிடைத்தது. அங்கே ஒரே அட்டெண்டிங் ஏழு நாள் தொடர்ந்து என்னைப் பார்த்தார். நான் சொன்ன தவறான பதிலையும், மறுநாள் படித்துவிட்டு வந்து திருத்தியதையும் சேர்த்தே பார்த்தார்.

இன்னொன்று, அங்கே எத்தனை பேர் கற்றுக்கொள்ள வரிசையில் நிற்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஜூலையில் புது சி.ஏ.-1 (அனஸ்தீசியா முதல் வருட) ரெசிடென்ட்கள் தியேட்டருக்குள் வருவார்கள். முதல் சில வாரங்கள் மூச்சுக்குழாயில் டியூப் போட உதவும் லாரிங்கோஸ்கோப் அவர்கள் கைக்குத்தான் போகும், போகவும் வேண்டும். நர்ஸ் அனஸ்தீசியா மாணவர்களும் இருந்தால் உங்கள் முறை இன்னும் தள்ளிப்போகும். ஆகஸ்ட் பரவாயில்லை. ஆனால் எத்தனை டியூப் போட்டீர்கள் என்ற கணக்கை வைத்து எந்த புரோகிராமும் ஆள் எடுப்பதில்லை. மாஸ்க்கைச் சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டீர்களா, பிரஷர் இறங்கும்போது மானிட்டரையும் நோயாளியையும் மாறி மாறிப் பார்க்கிறீர்களா, தூங்கப் போகும் நோயாளி பயந்து கையை நீட்டினால் பிடித்துக்கொள்கிறீர்களா, இதைத்தான் நாங்கள் கவனிக்கிறோம்.

செலவையும் கணக்குப் போடுங்கள். ஆர்த்தோபீடிக்ஸ் போல இரண்டு மூன்று ஊருக்கு அலைய வேண்டியதில்லை. சொந்தக் கல்லூரியில் ரெசிடென்சி இல்லாத உங்களுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும், இரண்டாவது வசதி இருந்தால். பிறகு வாழ விரும்பும், ஆனால் இதுவரை எந்தத் தொடர்பும் இல்லாத பகுதியில் அந்த மருத்துவமனை இருந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. இங்கே வருவேன் என்று விண்ணப்பத்தில் எழுதுவதைவிட, நான்கு வாரம் வந்து இருந்து காட்டியது வலுவாக நிற்கும்.

என்னைக் கேட்டால், பெயர் தெரியாத இடம் ஒரு வாரமாவது ஒரே ஆளோடு போடுவதாகச் சொன்னால் அதையே எடுங்கள். செப்டம்பர் கடைசியில் புரோகிராம்கள் விண்ணப்பங்களைப் பார்க்கத் தொடங்கிவிடும், அதற்குள் கடிதம் ஈராஸ் என்ற ரெசிடென்சி விண்ணப்பத் தளத்தில் ஏறியிருக்க வேண்டும். ஆகவே மூன்றாவது வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்டது கடைசி வியாழக்கிழமை.