கற்பூரவல்லியில் விதை இருந்தால் அது ‘அசல் நாட்டுப் பழமா’?

கேள்வி: சந்தையில் ஒரு சீப்பு கற்பூரவல்லி வாங்கினேன். இரண்டு பழங்களில் மிளகளவு கறுத்த விதைகள் இருந்து, என் மாமியாரின் பல்லில் இடறின. கடைக்காரரிடம் கேட்டபோது, “இதுதான் அசல் நாட்டுப் பழம், விதையில்லாதது எல்லாம் மரபணு மாற்றியது, அதனால்தான் இதற்குக் கிலோவுக்குக் கூடுதல் விலை” என்றார். இது சரியா?
– தக்கலை வாசகி

பதில்: சரியல்ல. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் விளைகளில் (தோட்டங்களில்) தலைமுறைகளாகக் குலை தள்ளும் மட்டி, செந்துளுவன் (செவ்வாழை), ஏத்தன் (நேந்திரன்), பாளையங்கோடன் ஆகிய வாழைகள் எல்லாமே விதையில்லாதவைதான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டியைவிட நாட்டுப் பழம் என்று வேறு எதைச் சொல்ல முடியும்? மேலும், மரபணு மாற்றிய வாழை இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை.

காட்டு வாழையில் மகரந்தம் சேர்ந்தால்தான் காய் பருக்கும். பழுத்தால் உள்ளே பெரும்பகுதி கல் போன்ற விதைகளே இருக்கும். மகரந்தம் சேராமலே சதை பிடிக்கும் இயல்பு சில வாழைகளில் தானாகவே தோன்றியது. அவற்றைத் தேர்ந்தெடுத்து, மனிதர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கன்று வைத்தே பெருக்கி வந்திருக்கிறார்கள். நாம் உண்ணும் பெரும்பாலான இரகங்களில் குரோமோசோம்கள் (மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகள்), காட்டு வாழையைப் போல இரண்டு தொகுதிகளாக 22 இல்லாமல், மூன்று தொகுதிகளாக 33 இருப்பதால், விதை முற்றுவது மிக அரிது. ஏத்தன் பழத்தைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள்: நடுவில் தெரியும் சிறு கரும்புள்ளிகள், விதையாகாமல் நின்றுபோன சூல்களே.

கற்பூரவல்லியின் மூன்று தொகுதிகளில் இரண்டு, விதையுள்ள மூசா பால்பிசியானா என்னும் காட்டு வாழையிலிருந்து வந்தவை. வீரியமுள்ள மகரந்தம் தரும் வாழை அருகில் நின்று, அந்த மகரந்தம் பூவில் சேர்ந்துவிட்டால், சில பழங்களில் மட்டும் விதை முற்றிவிடுகிறது. ஆகவே நீங்கள் வாங்கியது கலப்படமும் அல்ல, கூடுதல் விலைக்குரிய தனி இரகமும் அல்ல.

தோலைப் பார்த்து விதையைக் கண்டுபிடிக்க முடியாது. குலையாக வாங்கும்போது ஒரு பழத்தை உரித்துக் காட்டச் சொல்லுங்கள்; ஆனால் ஒன்றில் இல்லையென்றால் மற்றவற்றிலும் இல்லை என்று எண்ண வேண்டாம். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கையால் பிசைந்து, விதையை எடுத்துவிட்டே கொடுங்கள். இதில் சோம்பல் கூடாது.

பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறையாகும். முதலில் கடைக்காரரிடம் இந்த விவரத்தைச் சொல்லி, கூடுதலாக வாங்கிய தொகையை மட்டும் திருப்பிக் கேளுங்கள். அவர் அறியாமலும் சொல்லியிருக்கலாம். மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். ரசீது கையில் இருப்பது நல்லது.