மீன் தின்ற தீவனத்தில் எவ்வளவு செரித்தது? கேள்வி பதில்

தேவகோட்டை: அண்ணே, மீன் போட்ட கழிவை முழுசாகச் சேர்க்கவே முடியவில்லை. அப்புறம் எப்படிச் செரிமானத்தை அளப்பது?

முழுசாகச் சேர்க்க வேண்டாம் தம்பி. செரிக்காத குறிப்பொருள் ஒன்றைத் தீவனத்தில் கலந்தால் போதும். குரோமிக் ஆக்சைடு என்ற பச்சைத் தூள் 1% வழக்கம். தீவனம் செரிக்கச் செரிக்கக் கழிவில் அதன் பங்கு ஏறும். தீவனத்தில் 1%, கழிவில் 4% என்றால் உலர் பொருளில் கால்வாசிதான் வெளியே வந்திருக்கிறது, அதாவது 75% செரித்தது. புரதத்துக்கு இன்னொரு பெருக்கல் உண்டு. தீவனத்தில் புரதம் 30%, கழிவில் 15% என்றால் கால் பங்கை அரையால் (15/30) பெருக்கி 1-இலிருந்து கழியுங்கள்: 87.5%. எல்லாக் கணக்கும் உலர் எடையில்தான்.

தூளை முதலில் கொஞ்சம் தவிட்டோடு நன்றாகப் பிசறி, பிறகு முழு மாவில் கலக்க வேண்டும். நேரே கொட்டினால் ஒரு குருணையில் பச்சை அப்பியிருக்கும், அடுத்ததில் இருக்காது.

காரைக்குடி: கடலைப் புண்ணாக்குக்குப் புரதச் செரிமானம் நம்ப முடியாத அளவு கூடுதலாக வருகிறது. மாலையில் தீவனம் போட்டு மறுநாள் காலை கழிவை உறிஞ்சி எடுக்கிறோம்.

கோளாறு அங்கேதான். இரவு முழுக்கத் தண்ணீரில் கிடந்த கழிவிலிருந்து புரதம் கரைந்து போகிறது, குரோமிக் ஆக்சைடு கரைவதில்லை. தண்ணீர் கொண்டுபோனதை மீன் செரித்ததாக நீங்கள் எழுதுகிறீர்கள்! அடி கூம்பான தொட்டி வைத்து, கீழே குழாயில் இறங்கும் கழிவை விழுந்த சூட்டோடு எடுத்து உறைய வையுங்கள். தீவனம் போட்ட ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை அகற்றி, குழாயையும் கழுவிவிட வேண்டும். வயிற்றை அழுத்திப் பிதுக்குவதும் சரிவராது. பாதி செரித்ததும் குடற்சளியும் சேர்ந்து வருவதால் எண் குறைந்துவிடும்.

புதுத் தீவனத்துக்கு ஒரு வாரம் பழக்கிய பிறகே கழிவு சேர்க்கத் தொடங்குங்கள். புண்ணாக்கை மட்டும் தனியாகக் கொடுக்காமல், அடிப்படைத் தீவனம் 70, புண்ணாக்கு 30 என்று கலந்து, அடிப்படைத் தீவனத்தை மட்டும் தின்ற மீன்களோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று தொட்டியாவது வேண்டும்.

கோட்டையூர்: ரோகு மீன் குடலில் தீவனம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்க்க வழி?

ஒரே ஒரு வேளை குரோமிக் ஆக்சைடு கலந்த பச்சைத் தீவனம், முன்னும் பின்னும் சாதாரணத் தீவனம். முதல் பச்சைக் கழிவு வந்த நேரத்தையும் கடைசிப் பச்சை வந்த நேரத்தையும் குறியுங்கள். ரோகுக்கு இரைப்பை கிடையாது, ஜிலேபிக் கெண்டைக்கு உண்டு; ஒன்றின் நேரத்தை மற்றதற்குப் பொருத்தாதீர்கள். தண்ணீர் சூடேறினால் குடல் வேகமாகக் காலியாகும். நம் சித்திரை வெயிலில் திறந்த தொட்டி காலையில் ஒன்று, பகலில் ஒன்று காட்டும். கீற்றுக் கொட்டகை போடுங்கள். வெப்பநிலையை எழுதாமல் நேரத்தை மட்டும் எழுதினால் அந்தக் கணக்கு உதவாது.

கானாடுகாத்தான்: கண்மாயிலேயே செய்யலாமா? தவிட்டில் உள்ள சாம்பலே குறிப்பொருளாக ஆகாதா?

அமிலத்தில் கரையாத சாம்பலைத் தொட்டியில் பயன்படுத்தலாம். கண்மாயில் மீன் சேற்றையும் பாசியையும் சேர்த்துத் தின்னும். சேற்று மணலும் அதே சாம்பலாகத்தான் நிற்கும். எனவே வேண்டாம். குரோமிக் ஆக்சைடு தின்ற மீனைச் சந்தைக்கும் அனுப்பாதீர்கள்.