வெஸ்ட் பாயின்ட்டா, ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகையா?

கேள்வி: நாங்கள் டெக்சஸில் வசிக்கிறோம். இங்கேயே பிறந்த எங்கள் மகன் இந்த ஆண்டு பள்ளிப் படிப்பை முடிக்கிறான். வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் அவனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இந்தியானாவில் உள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்க, தரைப்படை ஆர்.ஓ.டி.சி.யின் (கல்லூரியில் படித்தபடியே ராணுவ அதிகாரியாகப் பயிற்சி பெறும் திட்டம்) நான்கு ஆண்டு உதவித்தொகையும் வந்திருக்கிறது. அகாடமியில் படித்தால் 5 ஆண்டு பணி, கல்லூரி வழியாகப் போனால் 4 ஆண்டு என்கிறார்கள். இரண்டுமே செலவில்லாத படிப்பு என்றால், ஓர் ஆண்டு குறைவானதை எடுப்பதுதானே சரி? கல்லூரி வாழ்க்கையை அவன் இழந்துவிடக் கூடாதே என்பது என் மனைவியின் கவலை. கேட்டால் அவன் வாயே திறப்பதில்லை.

பதில்: உங்கள் மகனுக்கு முதலில் வாழ்த்துகள். மதிப்பெண்ணை மட்டும் வைத்து வெஸ்ட் பாயின்ட்டில் இடம் கிடைக்காது. செனட்டர் அல்லது காங்கிரஸ் உறுப்பினரின் பரிந்துரை, உடல்தகுதித் தேர்வு, மருத்துவப் பரிசோதனை என்று ஒவ்வொரு படியையும் தாண்டித்தான் அவர் அங்கே நிற்கிறார்.

அந்த ஓர் ஆண்டுக் கணக்கை விட்டுவிடுங்கள். எந்த வழியில் போனாலும் மொத்தக் கடமை 8 ஆண்டுகள்தான். அகாடமியில் படித்தால் 5 ஆண்டு முழுநேரப் பணி, மீதி 3 ஆண்டு ரிசர்வ், அதாவது தேவைப்பட்டால் அழைக்கப்படும் துணைப்படை. உதவித்தொகை வழியில் முழுநேரம் 4 ஆண்டு, மீதி ரிசர்வ். அதோடு, அவர் ஹெலிகாப்டர் விமானியாக விரும்பினால் விமானப் பயிற்சி முடிந்த பிறகு 10 ஆண்டு பணியாற்ற வேண்டும். அப்போது அந்த வித்தியாசமே இருக்காது.

‘இரண்டுமே செலவில்லாத படிப்பு’ என்பதும் பாதிதான் சரி. வெஸ்ட் பாயின்ட்டில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, மருத்துவம் எல்லாமே அரசின் பொறுப்பு. மாதச் சம்பளமும் உண்டு. சீருடை, மடிக்கணினி போன்றவற்றுக்கு அதில் பிடித்துக்கொள்வார்கள். ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகையோ கல்விக் கட்டணம், அல்லது தங்குமிடமும் சாப்பாடும் என இரண்டில் ஒன்றைத்தான் ஏற்கும். அதற்கு மேல் புத்தகங்களுக்கு ஆண்டுக்கு 1,200 டாலரும், கல்லூரி நடக்கும் மாதங்களில் கைச்செலவுக்கு மாதம் 420 டாலரும் தருவார்கள். பர்டியூவில் நீங்கள் வெளிமாநிலக் கட்டணம் கட்ட வேண்டியவர்கள் என்பதால், கல்விக் கட்டணத்துக்குத்தான் உதவித்தொகையை எடுப்பீர்கள். அப்படியானால் நான்கு ஆண்டு விடுதிச் செலவு உங்கள் தலையில் விழும். சில பல்கலைக்கழகங்கள் ஆர்.ஓ.டி.சி. மாணவர்களுக்கு விடுதிச் செலவைத் தாங்களே ஏற்கின்றன. பர்டியூவில் அந்த வசதி இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். இன்னொன்று, மருத்துவத் தகுதியும் உடல்தகுதியும் உறுதியாகி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் வரும். முதல் பருவத்துக் கட்டணச் சீட்டு அதற்கு முன்பே வந்துவிடலாம்; பதற வேண்டாம்.

எது ‘பெரியது’ என்று உறவினர்கள் கேட்பார்கள். இரண்டு வழியிலும் வெளியே வருபவர் அதிகாரிகளின் முதல் படியான செகண்ட் லெப்டினன்ட்தான், சம்பளமும் ஒன்றுதான். தரைப்படைக்கு ஆண்டுதோறும் வரும் புதிய அதிகாரிகளில் பெரும்பாலோர் ஆர்.ஓ.டி.சி.யிலிருந்து வருபவர்களே. முப்படைகளின் கூட்டுத் தலைமைத் தளபதியாக 1989இல் பொறுப்பேற்ற காலின் பவல், நியூயார்க் சிட்டி காலேஜில் ஆர்.ஓ.டி.சி. பயின்றவர். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசனோவர் வெஸ்ட் பாயின்ட்டில் 1915இல் படிப்பை முடித்தவர். மேலே ஏற இரண்டு படிக்கட்டுமே போதுமானவை.

வித்தியாசம் எல்லாம் அந்த நான்கு ஆண்டுகளில்தான். வெஸ்ட் பாயின்ட் கோடையின் நடுவிலேயே தொடங்கிவிடும். சேரும் நாளிலேயே முடிவெட்டு, சீருடை, உறுதிமொழி. அதன் பின் ஆறு வாரக் கடும் பயிற்சி. முதலாண்டு மாணவருக்கு வார இறுதி விடுப்பு மிகக் குறைவு. அடுத்து வரும் கோடைகளிலும் பெரும்பகுதி பயிற்சிக்கே போய்விடும். வரலாறு படிப்பவர்கூட கணிதமும் சில பொறியியல் பாடங்களும் படித்தே ஆக வேண்டும். பொய் சொல்லாமல், ஏமாற்றாமல், திருடாமல் இருந்தால் மட்டும் போதாது, அப்படிச் செய்பவரைப் பொறுத்துக்கொள்ளவும் கூடாது என்பது அங்குள்ள நெறி. நண்பன் தேர்வில் காப்பியடித்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாலும் தப்புதான். 18 வயதில் இது எவ்வளவு பெரிய பாரம் என்பதை உங்கள் மகன் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

பர்டியூவில் அவர் முதலில் கல்லூரி மாணவர், அப்புறம்தான் கேடட், அதாவது ராணுவப் பயிற்சி மாணவர். வாரத்தில் சில நாள் விடியற்காலை உடற்பயிற்சி, ஒரு ராணுவப் பாடம், ஒரு களப்பயிற்சி வகுப்பு. மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸில் பெரிய முகாம். மற்ற கோடைகளில் பெரும்பாலும் தொழிற்சாலையில் இன்டர்ன்ஷிப் செய்யலாம், ஊருக்கும் வரலாம். உங்கள் மனைவி நினைக்கும் கல்லூரி வாழ்க்கை இதுதான். ஆனால் இன்ஜினீயரிங் வீட்டுப்பாடத்தை நள்ளிரவில் முடித்துவிட்டு விடியுமுன் ஓட எழும் கட்டுப்பாடு அவருக்குள்ளிருந்தே வர வேண்டும். யாரும் வந்து கதவைத் தட்டி எழுப்ப மாட்டார்கள்.

பாதியில் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதைத்தான் பெற்றோர் பெரும்பாலும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். வெஸ்ட் பாயின்ட்டில் மூன்றாம் ஆண்டு வகுப்பு தொடங்கும் வரை எந்தக் கடனும் கடமையும் இல்லாமல் விலகலாம். நான்கு ஆண்டு ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகையில் அந்த அவகாசம் முதலாண்டோடு முடிகிறது. அதற்குப் பிறகு விலகினால், எந்த வழியானாலும், செலவான பணத்தைத் திருப்பிக் கட்டவோ சாதாரணச் சிப்பாயாகப் பணியாற்றவோ நேரிடும். அவகாசம் அதிகம் என்பதால் அகாடமியே பாதுகாப்பானது என்று தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. அகாடமியை விட்டு வருபவர் வேறு கல்லூரி தேடி, புது ஊரில், முழுக் கட்டணத்தோடு மறுபடி தொடங்க வேண்டும். பர்டியூவில் விலகுபவர் அதே வகுப்பில், அதே நண்பர்களோடு தொடர்வார். ஆனால் மீதி மூன்று ஆண்டின் வெளிமாநிலக் கட்டணம் உங்களுடையது. அந்தத் தொகையை உங்களால் தாங்க முடியுமா என்பதை இப்போதே உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். மகனிடமும் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பணத்துக்குப் பயந்து, பிடிக்காத சீருடையில் யாரும் இருக்கக் கூடாது.

இன்னொரு முக்கியமான வேறுபாடு. வெஸ்ட் பாயின்ட் பட்டதாரிகள் முழுநேரப் பணிக்குப் போவதுதான் வழக்கம். ஆர்.ஓ.டி.சி.யில் அது உறுதி இல்லை. நாடு முழுவதும் உள்ள கேடட்களைத் தரவரிசைப்படுத்திய பிறகே முழுநேரமா, பகுதிநேர ரிசர்வா, மாநில அளவிலான பகுதிநேரப் படையான நேஷனல் கார்டா என்று முடிவாகும். மாதத்தில் ஒரு வார இறுதி மட்டும் சீருடை, மற்ற நாளெல்லாம் இன்ஜினீயர் வேலை என்று வாழ விரும்புபவருக்கு இது நல்ல செய்தி. முழுநேர ராணுவ வாழ்க்கையை மட்டுமே விரும்புபவருக்கு இது கவலை.

நீங்கள் டெக்சஸில் இருப்பதால் மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், ராணுவ மரபுள்ள ஆறு ‘சீனியர் மிலிட்டரி காலேஜ்’களில் ஒன்று. அங்கே கேடட்கள் ஒரே அணியாகத் தங்கிச் சீருடையில் படிக்கிறார்கள். பாடமோ வழக்கமான பல்கலைக்கழகப் பாடம். இந்த ஆறு கல்லூரிகளில் படிப்பவர் தகுதியோடு இருந்து, அங்குள்ள ராணுவப் பேராசிரியரும் பரிந்துரைத்தால், முழுநேரப் பணி கேட்டால் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உள்மாநிலக் கட்டணம் என்பதால், இடையில் விலகினாலும் சுமை குறைவு. அங்கே இடம் இருந்தால், உதவித்தொகையை மாற்றித் தரும்படி விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

நம் குடும்பங்களுக்கென்று ஒரு விஷயம். வெளிநாட்டு ராணுவத்தில் பணியாற்றுபவருக்கும் பணியாற்றி ஓய்வுபெற்றவருக்கும் ஓ.சி.ஐ. அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும் அட்டை) தகுதி இல்லை என்பது இந்திய அரசின் விதி. மகனிடம் அந்த அட்டை இருந்தால், அதிகாரியான பிறகு பாட்டியைப் பார்க்கப் போக விசா எடுக்க வேண்டிவரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சோதனைப் படிவத்தில் இந்தியாவில் உள்ள நெருங்கிய உறவினர்களின் விவரத்தையும் எழுத வேண்டும். உறவினர் அங்கே இருப்பது மட்டுமே தடையாகிவிடாது; மறைத்தால்தான் பிரச்சினை. இவை இரண்டு வழிக்கும் பொருந்தும்.

என் கருத்து இது. இரண்டு கடிதமும் வராமல் போயிருந்தாலும் உங்கள் மகன் ராணுவத்துக்குள் நுழைய வேறு வழி தேடியிருப்பார் என்றால், அவர் வெஸ்ட் பாயின்ட்டுக்குப் போகட்டும். நான்கு ஆண்டும் அதே கனவு உள்ளவர்களோடு வாழ்வது வேறு எங்கும் கிடைக்காது. இன்ஜினீயரிங்தான் முதல் ஆசை, ராணுவம் அடுத்தது என்றால் பர்டியூ அல்லது ஏ அண்ட் எம். ராணுவம் வேண்டுமா என்றே தெரியவில்லை என்றால், எந்த உதவித்தொகையும் இல்லாமல் கல்லூரியில் சேர்ந்து, ஆர்.ஓ.டி.சி.யின் முதலாண்டு வகுப்பில் மட்டும் உட்கார்ந்து பார்க்கலாம்; அதற்கு எந்தக் கடமையும் கிடையாது. பிடித்துப்போனால் கல்லூரியில் இருந்தபடியே உதவித்தொகைக்குப் போட்டியிடலாம்.

அவருடைய மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பாவின் கணக்கும் அம்மாவின் கவலையும் கேட்ட பிறகு தன் விருப்பத்தைச் சொல்லத் தயங்குகிறாரோ என்னவோ. நீங்கள் இருவரும் உடன் போகாமல், வெஸ்ட் பாயின்ட்டில் ஒரு கேடட்டோடு ஒரு நாள் இருந்து வரட்டும். பர்டியூவில் ஆர்.ஓ.டி.சி. தலைமை அதிகாரியை அவரே சந்தித்து, போன ஆண்டு முழுநேரப் பணி கேட்டவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது, மெக்கானிக்கல் மாணவர்கள் நான்கு ஆண்டில் முடிக்கிறார்களா என்று கேட்கட்டும். முடிவானதும், வேண்டாத இடத்துக்கு அன்றே எழுதிவிடச் சொல்லுங்கள். காத்திருப்போர் பட்டியலில் உள்ள இன்னொரு பிள்ளைக்கு அந்த இடம் போய்ச் சேரும்.